அடுக்கை வரைந்துவிட்டுக் கேளுங்கள்

'2 + 3' என்று தட்டினால் கணினி 5 என்று சொல்லும் என்பதே நம் எல்லோருடைய எதிர்பார்ப்பு. ஃபோர்த் என்ற நிரல்மொழியில் அப்படித் தட்டுபவருக்கு 5 கிடைக்காது. கூட்டுவதற்குப் போதிய எண்கள் இல்லை என்ற பிழைச்செய்தி வரும். சில கணினிகளில் அதுகூட வராமல் பொருளற்ற ஓர் எண் மிஞ்சும். அங்கே '2 3 +' என்று எழுத வேண்டும்: எண்கள் முதலில், செயல் கடைசியில். முதல் நாளே இப்படி முட்டிக்கொள்கிறவர்கள் தெரிந்தவர்களிடம் உதவி கேட்கிறார்கள். சரியான வரியை எழுதிக் கொடுத்துவிடலாம், அரை நிமிட வேலைதான். ஆனால் அது பெரும்பாலும் உதவியாக முடிவதில்லை. இத்தகைய மொழிகளில் மாட்டிக்கொண்டவருக்கு உண்மையில் தேவைப்படுவது தன் கேள்வியைச் சரியாகக் கேட்கும் முறை. அந்த முறை கைவந்துவிட்டால் பாதி நேரம் விடையும் கூடவே வந்துவிடுகிறது. நம் பொறியியல் கல்லூரிகள் ஏற்கெனவே நடத்தும் ஒரு பாடத்தோடு இதைச் சேர்த்துப் பழக்கினால், ஃபோர்த்தை வாழ்நாளில் மறுபடி தொடாத மாணவர்களுக்கும் அது பயன்படும்.

அடுக்கு என்பது என்னவென்று முதலில் பார்த்துவிடலாம். எவர்சில்வர் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், கடைசியாக வைத்ததைத்தான் முதலில் எடுக்க முடியும். கணினியின் அடுக்கும் அப்படித்தான். ஃபோர்த்தில் ஓர் எண்ணை எழுதினால் அது அடுக்கின் மேலே போய் உட்காரும். கூட்டல் குறி வந்தால் மேலே உள்ள இரண்டை எடுத்துக் கூட்டி, விடையைத் திரும்ப மேலே வைக்கும். மூன்றையும் நான்கையும் கூட்டி ஐந்தால் பெருக்க '3 4 + 5 *' என்று எழுதினால் போதும், 35 வந்துவிடும். அடைப்புக்குறி வேண்டாம், பெருக்கல் முந்தியா கூட்டல் முந்தியா என்ற விதியும் வேண்டாம். ஃபோர்த்தில் நிரல் என்பதே சொற்களின் வரிசைதான். டூப் என்ற சொல் மேலே உள்ள எண்ணைப் படியெடுக்கும், ஸ்வாப் மேலே உள்ள இரண்டை இடம் மாற்றும், டிராப் மேலே உள்ளதைத் தூக்கியெறியும். இவற்றைக் கோத்து நாமே புதுச் சொல் செய்யலாம். ஓர் எண்ணைப் படியெடுத்துப் பெருக்குவதற்கு 'வர்க்கம்' என்று பெயர் வைத்தால், அந்த நொடியிலிருந்து அதுவும் மொழியின் ஒரு சொல். பெயரில் இடைவெளி மட்டும் வரக்கூடாது. தமிழ் எழுத்தை ஏற்கும் கணினியில் தமிழிலேயே பெயர் வைக்கலாம்.

இந்த மொழி ஆராய்ச்சிக் கூடத்தில் அலங்காரமாகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் சார்லஸ் மூர் 1960களில் தன் சொந்த வேலைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துவைத்த கருவிகள் இவை. நான்காம் தலைமுறை மொழி என்று பொருள்படும் பெயரை வைக்க நினைத்தார். அவர் பயன்படுத்திய ஐபிஎம் 1130 கணினி ஐந்து எழுத்துப் பெயர்களையே ஏற்றதால் ஓர் எழுத்து விழுந்து 'ஃபோர்த்' நிலைத்தது. 1970களின் தொடக்கத்தில் அரிசோனாவின் கிட் பீக் மலையிலிருந்த வானொலித் தொலைநோக்கியை இயக்க இதைப் பயன்படுத்தினார். மிகச் சிறிய நினைவகத்துக்குள் மொழி, இயக்கம், தரவுச் சேகரிப்பு எல்லாம் அடங்கின. 1976இல் சர்வதேச வானியல் ஒன்றியமே இதைத் தன் தரமொழிகளில் ஒன்றாக ஏற்றது. மூர் எழுதிவைத்ததைப் பராமரிக்க வந்த எலிசபெத் ராதர் உலகின் இரண்டாவது ஃபோர்த் நிரலாளர். ஆகவே இம்மொழியில் முதன்முதலாக இன்னொருவரின் நிரலைப் புரிந்துகொள்ள வேண்டியிருந்தவரும் அவரே. பின்னர் மூரோடு சேர்ந்து 1973இல் ஃபோர்த் நிறுவனத்தைத் தொடங்கினார். கையேடு எழுதுவதிலும் கற்பிப்பதிலும் பல பத்தாண்டுகள் செலவிட்டார். ஒருவர் தனக்காகச் செய்த கருவி பிறர் கைக்குப் போகும்போது, விளக்கிச் சொல்லும் வேலை கருவியைச் செய்த வேலைக்கு நிகராக வளர்ந்துவிடுகிறது.

இன்றும் ஃபோர்த் கற்கிறவர்கள் கேட்கும் உதவிகளை வகைப்படுத்திப் பார்த்தால் ஒன்று தெரியும். செயல் கடைசியில் வருவதுதான் பெரிய தடை என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்தத் தடை வெகு சீக்கிரம் விலகிவிடுகிறது. 1972இல் ஹியூலெட் பேக்கர்டு வெளியிட்ட ஹெச்பி-35 கணிப்பானில் சமக்குறிப் பொத்தானே கிடையாது. உலகெங்கும் பொறியாளர்கள் அதை வைத்துக்கொண்டு இப்படியே கணக்குப் போட்டார்கள். அதே முறையில் இயங்கும் ஹெச்பி-12சி நிதிக் கணிப்பான் 1981இல் வந்து பல பத்தாண்டுகள் விற்பனையில் நிலைத்தது. தமிழருக்கு இது இன்னும் எளிது. 'இரண்டையும் மூன்றையும் கூட்டு' என்பதுதான் நம் வாக்கிய அமைப்பு. ஃபோர்த்தில் நிபந்தனையை முதலில் எழுதி 'இஃப்' என்ற சொல்லை அதன் பின்னால் போடுவார்கள். ஆங்கிலம் பேசுபவரைத் திணறவைக்கும் இந்த வரிசை, 'மழை பெய்தால்' என்று நிபந்தனையைச் சொன்ன பிறகே 'ஆல்' சேர்க்கும் நமக்கு விசித்திரமானதல்ல. வினை கடைசியில் வரும் ஜப்பானிய மொழியில் 1980களிலேயே ஃபோர்த்தை அடிப்படையாக வைத்து மைண்ட் என்ற நிரல்மொழியைச் செய்தார்கள். ஆகவே வரிசை ஒரு பிரச்சினையே அல்ல. தொடர்ந்து வரும் கேள்விகள் வேறு மூன்று வகை. மூன்றிலும் கேள்வியின் வடிவமே சிக்கலின் வேராக இருக்கிறது.

முதல் வகை, மிச்சம் விட்ட எண். ஒரு சொல் இரண்டு எண்களை எடுத்து ஒன்றைத் திருப்பித் தர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எழுதியவர் ஒரு டிராப் போட மறந்துவிட்டார். அந்தச் சொல் தவறில்லாமல் ஓடும், விடையும் சரியாக இருக்கும். ஆனால் அடுக்கின் அடியில் வேண்டாத ஓர் எண் தங்கிவிடும். இருபது வரிகள் தாண்டி, இதற்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில் வேறொரு சொல் அந்த எண்ணை எடுத்து ஏதோ செய்து வைக்கும். நிரலாளர் அந்த இடத்தைக் காட்டி 'இந்த வரி ஏன் தவறாக வேலை செய்கிறது' என்று கேட்பார். அந்த வரியில் தவறே இருக்காது. உதவ வந்தவர் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் இருவரும் சேர்ந்து நேரத்தை வீணாக்குவார்கள். அடுக்கில் இப்போது என்ன இருக்கிறது என்று காட்டும் சொல் ஃபோர்த்திலேயே உண்டு: ஒரு புள்ளியும் 'எஸ்' என்ற எழுத்தும் சேர்ந்த சிறு சொல். ஒவ்வொரு சொல்லாக விசைப்பலகையில் தட்டி, ஒவ்வொன்றுக்கும் பின் அதைப் போட்டுப் பார்த்தால், எதிர்பார்த்ததற்கும் இருப்பதற்கும் வேறுபாடு தொடங்கும் இடம் சில நிமிடங்களில் வெளிப்பட்டுவிடும். இப்படிச் செய்துவிட்டு வருபவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும். 'இந்தச் சொல்லுக்கு முன் இரண்டு எண்கள் இருந்தன, பின்னும் இரண்டு இருக்கின்றன, ஒன்றுதான் இருக்க வேண்டும்' என்பார். சொல்லி முடிப்பதற்குள் டிராப் விட்டுப்போனது அவருக்கே தெரிந்திருக்கும்.

இரண்டாம் வகை, எண்களைப் புரட்டிப் புரட்டி மாய்வது. ஒரு செவ்வகத்தின் இரு எதிர் மூலைகள் தெரியும், பரப்பு வேண்டும். நான்கு எண்கள் அடுக்கில் ஏறிவிட்டன. புதியவர் கேட்பார்: 'நான்காவதாகக் கீழே இருக்கும் எண்ணை மேலே கொண்டுவருவது எப்படி?' இதற்கு நேரான விடை உண்டு. ரோல், பிக் என்ற சொற்கள் எவ்வளவு ஆழத்திலிருந்தும் எண்ணை எடுத்துத் தரும். விடையைச் சொன்னால் அவர் நன்றி சொல்லிவிட்டுப் போவார். நாளை ஆறு எண்களோடு வந்து நிற்பார். அவரிடம் திருப்பிக் கேட்க வேண்டியது இது: ஒரே நேரத்தில் நான்கு எண்கள் ஏன் அடுக்கில் இருக்க வேண்டும்? இடது ஓரமும் வலது ஓரமும் சேர்ந்து அகலத்தைத் தருகின்றன. கீழ் ஓரமும் மேல் ஓரமும் சேர்ந்து உயரத்தைத் தருகின்றன. இரண்டுமே ஒரு கழித்தல்தான். இரண்டு எண்களை இடம் மாற்றிக் கழிக்கும் ஒரு குட்டிச் சொல்லுக்கு 'நீளம்' என்று பெயர் வைத்துவிட்டால், '2 7 நீளம் 3 9 நீளம் *' என்று எழுதலாம். ஐந்தும் ஆறும் பெருகி 30 வரும். ஆழத்திலிருந்து எதையும் தோண்ட வேண்டியதில்லை. ஒரு சொல்லின் விளக்கம் ஓரிரு வரிகளுக்கு மேல் நீளக்கூடாது என்று மூர் திரும்பத் திரும்ப வலியுறுத்தியிருக்கிறார். லியோ பிராடி 1984இல் எழுதிய 'திங்கிங் ஃபோர்த்' நூலின் பெரும்பகுதி, பெரிய வேலையை எந்த இடத்தில் வெட்டிச் சிறு சொற்களாக்குவது என்பதைப் பற்றியதே. எண்களைப் புரட்ட வழி கேட்பவருக்கு, தெரிந்தோ தெரியாமலோ, வெட்ட வழி தேவைப்படுகிறது. கேட்டதை மட்டும் கொடுத்தால் தேவைப்பட்டது கிடைக்காமலே போய்விடும்.

மூன்றாம் வகை, எந்த ஃபோர்த் என்று சொல்லாமல் கேட்பது. எடுத்து மாற்றிக்கொள்ள எளிதான மொழி என்பதால் ஆளுக்கொரு ஃபோர்த் செய்துகொண்டார்கள். தரப்படுத்தும் முயற்சிகள் 1979, 1983, 1994 என்று பலமுறை நடந்தன; ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து சில இடங்களில் விலகியது. 'உண்மை' என்பதைக் குறிக்க 1979ஆம் ஆண்டுத் தரம் 1 என்ற எண்ணைத் தந்தது. 1983ஆம் ஆண்டுத் தரம் -1 என்று மாற்றியது. -7ஐ 2ஆல் வகுத்தால் முன்னதில் -3, பின்னதில் -4. 1994இல் வந்த அமெரிக்கத் தேசியத் தரம் இரண்டில் எதை வேண்டுமானாலும் கடைப்பிடிக்கலாம் என்று விட்டுவிட்டது. ஒருவர் பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு புதிய கணினியில் கற்கிறார். புத்தகத்தில் இருக்கும் விடை வரவில்லை. தன் புரிதலில் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் தடுமாறக்கூடும். உதவுபவர் தன் கணினியில் போட்டுப் பார்த்துவிட்டு 'எனக்குச் சரியாக வருகிறதே' என்றால் அதுவும் பொய்யல்ல. இருவரும் வெவ்வேறு விதிகளின் கீழ் ஒரே வரியை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

மூன்று வகைக்கும் மருந்து ஒன்றே. எந்த ஃபோர்த், இந்தச் சொல்லுக்கு முன் அடுக்கில் என்ன இருந்தது, பின் என்ன இருக்க வேண்டும், உண்மையில் என்ன இருக்கிறது. இவ்வளவையும் சொன்னால் கேள்வி முழுமை பெறும். இதற்கென்று ஃபோர்த் நிரலாளர்கள் ஒரு குறிமுறையே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் அருகே அடைப்புக்குறிக்குள், இடப்பக்கம் அது எடுத்துக்கொள்வதையும் வலப்பக்கம் அது திருப்பித் தருவதையும் எழுதி, நடுவில் இரண்டு சிறு கோடுகள் போடுவார்கள். கணினி அதைப் படிப்பதில்லை. மனிதருக்காக எழுதப்படுவது அது. இந்த ஒரு வரிக் குறிப்பை எழுத முடியாத நிரலாளர், தன் சொல் என்ன செய்ய வேண்டும் என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை என்று பொருள். எழுதிவிட்டால், மற்றொருவர் நிரலின் மற்ற பகுதிகளைப் பார்க்காமலேயே அந்தச் சொல்லைச் சோதித்துவிடலாம். வேறெந்த மொழியிலும் இதைச் செய்ய முடியும்தான். ஃபோர்த் வற்புறுத்துகிறது என்பதே வேறுபாடு. அடுக்கைத் தலைக்குள் பிடித்துவைக்க முடியாமல் போகும் கணத்தில், தாளை எடுத்து வரைந்தே ஆக வேண்டும்.

பழைய தொலைநோக்கிகளோடு முடிந்துபோன கதை என்று இதைத் தள்ளிவிட முடியாது. எத்தீரியம் என்ற மின்நாணய வலையமைப்பின் ஒப்பந்த நிரல்கள் ஓர் அடுக்கு இயந்திரத்தின் மேல்தான் ஓடுகின்றன. அந்த இயந்திரத்தின் கட்டளைகளால் அடுக்கில் மேலிருந்து ஏறத்தாழ பதினாறு இடங்கள் வரைதான் எட்ட முடியும். அந்த இயந்திரத்துக்காக சாலிடிட்டி என்ற மொழியில் எழுதுபவர் ஒரே ஃபங்ஷனுக்குள் நிறைய மாறிகளை வைத்தால், 'அடுக்கு மிக ஆழமாகிவிட்டது' என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். அந்தத் துறையில் புதியவர்கள் அடிக்கடி உதவி கேட்கும் பிழைகளில் அது ஒன்று. அவர்களில் பலர் ஃபோர்த்தைக் கேள்விப்பட்டிருக்கவே மாட்டார்கள். இருந்தும் கேட்கும் கேள்வி அதே கேள்வி: ஆழத்தில் இருப்பதை எடுப்பது எப்படி? பொதுவான தீர்வும் அதே தீர்வு: ஃபங்ஷனைச் சிறு துண்டுகளாக உடை, ஒன்றாகச் சேர்ந்தவற்றை ஒன்றாகக் கட்டு. பிட்காயினின் உள்மொழியும் ஃபோர்த்தின் சாயலில் அமைந்த அடுக்கு மொழியே. ஜாவா நிரலை மொழிபெயர்த்தால் கிடைக்கும் இடைநிலைக் கட்டளைகளும், பைத்தானின் உள்ளே ஓடும் கட்டளைகளும், 2019இல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட வெப்அசெம்பிளியும் அடுக்கை நம்பியே இயங்குகின்றன. அடோபி நிறுவனம் 1984இல் வெளியிட்ட போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அச்சுத் துறையை மாற்றியது; அதன் வழிவந்த பிடிஎஃப் கோப்பின் பக்க விவரங்களில் இன்றும் எண்கள் முதலில், செயல் பின்னால். மேலே தெரியும் மொழி எதுவானாலும் கீழே அடுக்கு இருக்கிறது. அதை வரைந்து பார்க்கத் தெரிந்தவருக்குப் பிழைச்செய்தி ஒரு தகவலாகப் படும். தெரியாதவருக்கு அது அச்சுறுத்தல்.

இதற்கு எழும் முதல் மறுப்பு இன்றைய காலத்துக்கே உரியது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால் நொடியில் நிரலே கிடைக்கும்போது, கேள்வியைச் செதுக்குவது யாருக்கு வேண்டும்? பைத்தானுக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கும் இந்த வாதத்தில் கனம் உண்டு. அக்கருவிகள் ஏற்கெனவே எழுதப்பட்டவற்றிலிருந்து கற்கின்றன. அந்த மொழிகளில் எழுதப்பட்டது கடலளவு. ஃபோர்த்தில் எழுதப்பட்டது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும் பல கிளைமொழிகளாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு தரத்தின் சொல்லையும் இன்னொரு தரத்தின் விதியையும் கலந்து தரும் வாய்ப்பு இங்கே அதிகம். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அடுக்கை ஒவ்வொரு படியாகப் பின்தொடர்ந்து பார்க்கத் தெரியாதவர் தவறைக் கண்டுபிடிக்க மாட்டார். கருவிகள் நாளுக்கு நாள் முன்னேறும், இந்தக் குறையும் குறையலாம். அப்போதும் என் வாதம் விழுந்துவிடாது. எந்தத் தரம், முன் என்ன, பின் என்ன என்று எழுதிக் கேட்பவருக்கு அதே கருவி மேலான விடை தருகிறது. வந்த விடையை அவரால் அந்தக் குறிப்போடு ஒப்பிட்டு ஏற்கவோ தள்ளவோ முடிகிறது. விடை மலிவாகக் கிடைக்கும் காலத்தில், அதை எடைபோடும் திறன்தான் நிரலாளருக்குச் சம்பளம் வாங்கித் தரப்போகிறது.

இரண்டாவது மறுப்பு மனிதாபிமானம் சார்ந்தது, முதலாவதைவிட வலுவானதும்கூட. திணறிக்கொண்டிருக்கும் புதியவரிடம் 'கேள்வியைத் திருத்திக்கொண்டு வா' என்பது ஆணவம் ஆகாதா? தொழில்நுட்ப வட்டங்களில் இந்த ஆணவம் இருக்கத்தான் செய்கிறது. 'கையேட்டைப் படி' என்று ஒரே வரியில் விரட்டுபவர்களால் மொழியைக் கைவிட்டவர்கள் எல்லா மொழிகளிலும் உண்டு. சிறிய வட்டத்தில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியும். நான் சொல்வது அதற்கு நேர்மாறானது. விரட்டுவதற்கு நேரமே செலவாகாது, விடையை எழுதிக் கொடுப்பதற்குக் கொஞ்சம் செலவாகும். பக்கத்தில் உட்கார்ந்து 'இந்தச் சொல்லுக்கு முன் அடுக்கில் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்' என்று கேட்பதற்குத்தான் அதிக நேரமும் பொறுமையும் வேண்டும். பதிலுக்கு அவர் தவறாக வரைந்தாலும் நல்லதே. அவர் மனத்திலிருக்கும் படம் எந்த இடத்தில் கோணியிருக்கிறது என்று உதவுபவருக்குத் தெரிந்துவிடும். அவசரத்தில் இருப்பவருக்கு, வேலை நின்றுபோன இடத்தில், விடையைக் கொடுத்துவிடுவதே நியாயம். அப்போதும் விடையோடு அடுக்கின் படத்தையும் சேர்த்துக் கொடுக்கலாமே.

மூன்றாவது மறுப்பு நடைமுறையானது. ஃபோர்த் தெரிந்தால் வேலை கிடைக்குமா? எழுதியவருக்கே மறுவாரம் புரியாத மொழி, தவறான எண்ணைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காத மொழி என்று அதற்குப் பெயர். இவற்றில் பலவும் உண்மை. ஃபோர்த் தெரிந்தவரைத் தேடும் விளம்பரங்கள் அரிது. மாறியின் வகையைச் சரிபார்த்துக் காப்பாற்றும் வசதி அதில் இல்லை. 1982இல் பிரிட்டனில் வந்த ஜூபிடர் ஏஸ் என்ற வீட்டுக் கணினி, பேசிக் மொழிக்குப் பதில் ஃபோர்த்தைத் தந்து சந்தையில் தோற்றது. கறுப்பு வெள்ளைத் திரையும் மென்பொருள் பற்றாக்குறையும் அந்தத் தோல்விக்குக் காரணங்கள். பழக்கமில்லாத மொழியும் ஒரு காரணம் என்பதை மறுக்க வேண்டியதில்லை. தொழில்மொழியாக இதைப் பரப்ப வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கலாம். சன் நிறுவனத்தின் பணிக்கணினிகள் பலவும் ஆப்பிளின் பவர் மேக்குகள் பலவும் விசையைப் போட்டவுடன் முதலில் விழித்தெழுந்தது ஓப்பன் ஃபர்ம்வேர் என்ற ஃபோர்த் அமைப்பில். 2014 நவம்பர் 12 அன்று 67பி வால்மீனில் இறங்கிய ஐரோப்பாவின் ஃபிலே கலத்தில் இருந்தது ஆர்டிஎக்ஸ்2010 என்ற சில்லு. ஃபோர்த்தை நேரடியாக ஓட்டுவதற்கென்றே அடுக்கை வன்பொருளாக வைத்துச் செய்யப்பட்டது அது. போய்த் தொட்டுத் திருத்த முடியாத இடங்களில், முழுதாகப் புரிந்துகொள்ளக்கூடிய சிறிய அமைப்பைப் பொறியாளர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். புரியாத ஃபோர்த் நிரல் உண்டு என்பதும் சரியே. அது பெரும்பாலும் துண்டாக வெட்டப்படாத நிரல், நான் மேலே சொன்ன இரண்டாம் வகைக் கேள்வியின் விளைவு. தவறை மூடி மறைக்காமல் முகத்தில் காட்டுவதால்தான் கற்பதற்கு இது ஏற்ற மொழி.

நம் கல்லூரிகளுக்கு இதில் செலவில்லாத ஒரு வாய்ப்பு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் அடுக்கு உண்டு. செயல் நடுவில் வரும் கணக்கைச் செயல் கடைசியில் வரும் கணக்காக மாற்றுவதும், அப்படி மாற்றியதை அடுக்கு வைத்து மதிப்பிடுவதும் அந்தப் பாடத்தில் இருக்கின்றன. மாணவர்கள் அட்டவணை போட்டு மாற்றக் கற்றுக்கொள்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். அந்த வடிவத்தில் ஒரு மொழியே உயிரோடு இருக்கிறது என்பதையும், தாளில் மாற்றி எழுதிய அதே வரியைக் கணினியில் தட்டி விடையைப் பார்க்கலாம் என்பதையும் பாடம் கட்டாயமாகக் காட்டுவதில்லை. ஜிஃபோர்த் என்ற இலவச மென்பொருளைக் கல்லூரி ஆய்வகக் கணினிகளில் நிறுவுவது எளிது. இந்தப் பாடத்தோடு இரண்டு ஆய்வக வகுப்புகள் சேர்த்தால் போதும். முதல் வகுப்பில் தாளில் எழுதியதைத் தட்டிப் பார்க்கட்டும், தமிழில் பெயர் வைத்துச் சில சொற்கள் செய்யட்டும். இரண்டாம் வகுப்பில் பிழையுள்ள ஒரு சிறு நிரலைக் கொடுத்துத் திருத்தச் சொல்ல வேண்டாம்; உதவி கேட்டு ஒரு கேள்வி எழுதச் சொல்லலாம். எந்தத் தரம், முன் என்ன, பின் என்ன, எந்தச் சொல்லில் வேறுபாடு தொடங்குகிறது என்று எழுதப்பட்ட கேள்விக்கு மதிப்பெண். அதைப் படித்து இன்னொரு மாணவர் நிரலைப் பார்க்காமலே பிழையைச் சொல்ல முடிந்தால் முழு மதிப்பெண்.

கேள்விக்கு மதிப்பெண் கொடுப்பது நம் தேர்வு முறைக்குப் பழக்கமில்லாதது. கேள்வி வினாத்தாளில் வரும், மாணவர் விடை எழுதுவார் என்பதே பதினைந்து ஆண்டுப் படிப்பின் ஏற்பாடு. வேலைக்குப் போனதும் அந்த ஏற்பாடு தலைகீழாகிறது. மென்பொருள் நிறுவனத்தில் எவரும் வினாத்தாள் தருவதில்லை. 'வேலை செய்யவில்லை' என்ற புகார் மட்டும் வருகிறது. அதைத் தீர்க்கக்கூடிய கேள்வியாக மாற்றுவது பொறியாளரின் பொறுப்பு. சென்னையிலிருந்து இன்னொரு நாட்டிலிருக்கும் குழுவுக்கு அனுப்பும் ஒரு பிழை அறிக்கையில் முன்னும் பின்னும் தெளிவாக இல்லையென்றால், பதிலாக இன்னொரு கேள்வி வரும், ஒரு நாள் போகும். பெரிய மொழிகளிலும் பெரிய நிரல்களிலும் இதைப் பழக்குவது கடினம், ஏனெனில் அங்கே பிழை ஒளிந்துகொள்ள ஆயிரம் இடங்கள் உண்டு. ஃபோர்த்தில் ஓர் அடுக்கு, ஒரு வரிச் சொற்கள், ஒவ்வொரு படியிலும் நிலையைக் காட்டும் வசதி. இவ்வளவு சிறிய களத்தில் கேள்வி கேட்கப் பழகியவர் பெரிய களத்துக்கு அந்தப் பழக்கத்தையே எடுத்துப் போவார். அடுத்த முறை பாடத்திட்டம் திருத்தப்படும்போது அந்த இரண்டு ஆய்வக வகுப்புகளுக்கு இடம் ஒதுக்குங்கள். அதுவரை, மாட்டிக்கொண்டு வந்து நிற்கும் மாணவரிடம் விடையைச் சொல்வதற்கு முன் ஒரு தாளை நீட்டி, அடுக்கை வரையச் சொல்ல எந்த ஆசிரியருக்கும் அனுமதி தேவையில்லை.